குவிக்காதீர்கள், அடுக்குங்கள்

டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரில் என் மகன் வீடு. அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவது எங்களுக்கு இது மூன்றாவது தடவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அவன் வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பேத்தியின் தோழிகளுடைய அப்பா அம்மா என்று இருபது பேருக்குக் குறையாது. கூடத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். என் மனைவி மட்டும் சமையலறையில் நின்றுகொண்டே ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

"அத்தை, ஒரு வாய் வந்து சாப்பிடுங்க" என்று மருமகள் கூப்பிடுவாள். "இருக்கட்டும்மா, எனக்கு இதுவே போதும்" என்பாள் இவள். மகன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் மாடிப்படியைப் பார்ப்பான். அதை நான் கவனித்திருக்கிறேன்.

நம்மில் பலர் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள். இந்தக் காட்சி உங்களுக்கும் புதிதாக இருக்காது. இதற்குக் காரணம் வறட்டுப் பிடிவாதம் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். பார்ட்டி மேஜையின் நடுவில் இருந்த ஒரு தட்டுதான் காரணம் என்பது என் கட்சி. அந்தத் தட்டைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தட்டில் இருந்தது நாச்சோஸ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மக்காச்சோள மாவில் தட்டிய ரொட்டியை அங்கே டோர்ட்டீயா என்கிறார்கள். அதை முக்கோணமாக வெட்டிப் பொரித்தால் நம் தட்டையைப் போல மொறுமொறுப்பான சிப்ஸ். அதன்மேல் சீஸைத் துருவிப்போட்டு ஓவனில் உருக்கி, ஊறவைத்த மிளகாய் வைத்தால் நாச்சோஸ். மெக்சிகோவுக்கும் டெக்சாஸுக்கும் நடுவில் பிறந்த பலகாரம். அங்கே இது இல்லாமல் விருந்து கிடையாது.

ஆனால் மகன் வீட்டில் அதைச் செய்த விதம் இப்படி. பெரிய ட்ரேயில் ஒரு பை சிப்ஸைக் கொட்டுவார்கள். அதன்மேல் மசித்த பீன்ஸ், கொத்துக்கறி, சீஸ், தக்காளி, வெங்காயம், புளித்த கிரீம் எல்லாம் மலையாகக் குவிப்பார்கள். ஓவனிலிருந்து வந்ததும் ஆளுக்கொரு பக்கம் கைவிட்டு இழுப்பார்கள். சீஸ் கம்பி கம்பியாக நீளும். ஒருவர் இழுத்தால் நாலு சிப்ஸ் சேர்ந்து வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விரலால் பிரித்து மறுபடி ட்ரேயில் விடுவார்கள். கடித்த துண்டையே திரும்பவும் சீஸில் தோய்க்கும் பிள்ளைகளும் உண்டு. பத்து நிமிடத்தில் அடியில் கிடக்கும் சிப்ஸ் ஊறி, நேற்றைய உப்புமா மாதிரி ஆகிவிடும்.

"எத்தனை பேர் கை அதுல போயிட்டு வருதுன்னு பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. "அதுல கறி எங்க இருக்கு, எங்க இல்லன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

இரண்டும் நியாயமான கேள்விகள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

பதில் கிடைத்தது இந்தப் பலகாரத்தின் பிறந்த கதையைப் படித்தபோது. சான் அன்டோனியோவிலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் போனால் ஈகிள் பாஸ் என்ற எல்லை ஊர் வரும். ரியோ கிராண்டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் பியத்ராஸ் நெக்ராஸ். கருங்கற்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலம், 1940களின் தொடக்கம். ஈகிள் பாஸ் பக்கம் அமெரிக்க ராணுவத்தினரின் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பெண்கள் சிலர் பாலத்தைத் தாண்டிக் கடைவீதிக்குப் போய்விட்டு, பசியோடு விக்டரி கிளப் என்ற உணவகத்துக்கு வந்தார்கள். சமையல்காரர் இல்லை. விருந்தினரை வரவேற்று உட்காரவைக்கும் வேலையில் இருந்தவர் இக்னாசியோ அனாயா. அவர் தானே சமையலறைக்குள் போனார். கையில் கிடைத்தது பொரித்த டோர்ட்டீயாத் துண்டுகள், சீஸ், ஊறவைத்த ஹலபேன்யோ மிளகாய். துண்டுகளின்மேல் சீஸ் துருவலைப் போட்டு ஓவனில் உருக்கி, மிளகாய் வில்லைகளை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்களாம். ஸ்பானிய மொழியில் இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்று கூப்பிடுவார்கள். "நாச்சோவின் ஸ்பெஷல்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிற்பாடு அவர் அதே ஊரில் தன் பெயரிலேயே உணவகம் நடத்தி, 1975இல் காலமானார்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, அடுப்பு அணைந்த பிறகு, பஸ்ஸைவிட்டு இறங்கி வரும் உறவினர்கள். "ஒண்ணும் இல்லையே" என்று ஒரு நாளும் அம்மா சொன்னதில்லை. இருக்கிற ரவையையோ அவலையோ வைத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தட்டு வந்துவிடும். வேளை தவறி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்ற அதே மனசு. ஆற்றின் அந்தக் கரையில் இருந்தவருக்கும் அதே கவலைதான் இருந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அனாயா குவிக்கவில்லை. பழைய முறையில் ஒவ்வொரு துண்டும் தனி. ஒவ்வொன்றின்மேலும் அதற்குரிய சீஸ், அதற்குரிய ஒரு மிளகாய் வில்லை. எடுக்கிறவர் அடுத்ததைத் தொடாமல் எடுக்கலாம். நம் ஊர்ப் பலகாரத் தட்டில் வடையை எடுக்கிற மாதிரி.

பிறகு எப்படி மலையாயிற்று? அனாயா இறந்த அடுத்த ஆண்டு, 1976இல், டல்லாஸ் அருகே ஆர்லிங்டன் மைதானத்தில் பேஸ்பால் பார்க்க வருகிறவர்களுக்கு நாச்சோஸ் விற்க ஆரம்பித்தார் பிராங்க் லிபெர்ட்டோ என்ற சான் அன்டோனியோ வியாபாரி. மைதானத்தில் கூட்டம் காத்திருக்காது. ஓவனில் வைத்து எடுக்க நேரம் கிடையாது. ஆகவே எப்போதும் கெட்டியாகாமல் ஓடும் சீஸ் குழம்பு ஒன்றைச் சிப்ஸின்மேல் ஊற்றிக் கொடுத்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மைதானத்துக்கு அது சரி. ஆளுக்கொரு தட்டு, அவரவர் எச்சில் அவரவருக்கு. அந்த ஊற்றிக் கொட்டும் பழக்கத்தை இருபது பேருக்கான வீட்டு ட்ரேக்குக் கொண்டுவந்ததில்தான் கோளாறு என்பேன்.

விருந்தில் பொதுவாக வைக்கும் பலகாரத்துக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. மூலையில் தயங்கி நிற்கிறவரும் அதில் ஒன்றை எடுக்க முடிகிறதா? கூச்சமில்லாதவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள். கறி சாப்பிடாதவர், பால் ஒத்துக்கொள்ளாதவர், காரம் தாங்காதவர், எச்சில் பார்க்கிறவர் இவர்களுக்கு எது என்ன என்று கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். யாரிடமும் கேட்டுத் தலைகுனிய வைக்கக் கூடாது. மலையாகக் குவித்த ட்ரே இந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறது. தனித்தனியாக அடுக்கிய ட்ரே தேறிவிடுகிறது.

எச்சில் என்ற சொல்லைச் சொன்னதுமே சிலருக்கு முகம் சுளிக்கும் என்று தெரியும். எச்சில் பார்ப்பது வேறு, ஆள் பார்ப்பது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருந்தோம். நான் பையனாக இருந்தபோது வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளர் இருந்தது. அதைச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டோம். அது சுத்தமல்ல, அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் யாராக இருந்தாலும், என் சொந்தப் பேத்தியாகவே இருந்தாலும், கடித்ததைப் பொதுக் கிண்ணத்தில் தோய்க்கக் கூடாது என்பது வேறு விஷயம். அது எல்லாருக்கும் பொது. அமெரிக்கர்களே இதற்கு ஒரு பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைப் பரிசோதித்தும் பார்த்தார்கள். கடித்ததைத் தோய்த்தால் வாயிலிருக்கும் கிருமிகள் கிண்ணத்துக்குப் போகின்றன என்றும், கெட்டியான சீஸைவிட நீர்த்த தக்காளிச் சட்னியில் அது கூடுதல் என்றும் 2009இல் வெளியிட்டார்கள். என் மனைவி படிக்காமலே சொன்னது இதைத்தான்.

போன வசந்த காலத்தில் பேத்தியின் பிறந்தநாள் வந்தது. "இந்தத் தடவை அந்த ட்ரேயை என் பொறுப்பில் விடு" என்று மகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவன், காபி தவிர வேறொன்றும் போட்டதில்லை. ஆனாலும் சரி என்றான். நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் ஓவன் வைத்திருப்பவர்கள் பேரப்பிள்ளைகள் வரும்போது செய்து பார்க்கலாம்.

நாற்பது துண்டுகளுக்குக் கணக்கு. கொஞ்சம் தடிமனான, உடையாத மக்காச்சோளச் சிப்ஸ் நாற்பது பொறுக்கிக்கொள்ளுங்கள். நொறுங்கியதை ஒதுக்கிவிடுங்கள், அது பேரனுக்கு. சீஸ் இருநூறு கிராம். அதிகம் பழுக்காத செடார் அல்லது மான்டரே ஜாக் நன்றாக உருகும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவ வேண்டும். துருவியே பையில் விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள். அதனால் சரியாக இழைந்து உருகாது.

சைவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. பாலை உறையவைக்கப் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைப் பயன்படுத்துவார்கள். நம் நாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் போதும். அங்கே பச்சைப் புள்ளி கிடையாது. பின்பக்கம் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். தாவரம் அல்லது நுண்ணுயிரிலிருந்து எடுத்தது என்று இருந்தால் நமக்கு ஆகும். இரண்டாவது, டப்பாவில் வரும் மசித்த பீன்ஸ். மெக்சிகோ வழக்கப்படி அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு. சைவம் என்று தெளிவாகப் போட்ட டப்பாவும் கிடைக்கிறது. அதைவிட நல்லது, கால் கப் ராஜ்மாவை முதல்நாள் ராத்திரி ஊறப்போட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயில் சீரகம், வெங்காயம், பூண்டு வதக்கி அதோடு கெட்டியாக மசித்துக்கொள்வது.

ட்ரேயில் காகிதம் விரித்துச் சிப்ஸை ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். பாதி துண்டுகளில் பீன்ஸ் மசியலை மெல்லிசாகத் தடவுங்கள். கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், ஈரம் ஏறினால் நமத்துப்போகும். மீதிப் பாதியை வெறுமனே விடுங்கள். எல்லாவற்றின்மேலும் சீஸ் துருவலை ஒரு சிட்டிகைக்குச் சற்றுக் கூடுதலாக நடுவில் வையுங்கள். ஓரத்தில் சிந்தினால் கருகும். பீன்ஸ் தடவியதில் மட்டும் ஒரு ஹலபேன்யோ வில்லை. ஆக, பச்சையாக ஒன்று தெரிந்தால் காரம், தெரியாவிட்டால் காரமில்லை. குழந்தைக்கும் புரியும்.

ஓவனை முன்னாலேயே இருநூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். அங்கே உள்ள கணக்கில் நானூறு. ஐந்திலிருந்து ஏழு நிமிடம். சீஸ் உருகிக் குமிழ் விட ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் வைத்தால் நெய் பிரிந்து, சீஸ் ரப்பராகிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தட்டில் மாற்றிச் சூடாகக் கொண்டுபோங்கள். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்த சட்னியைத் தனிக் கிண்ணத்தில், கரண்டியோடு வையுங்கள். கரண்டி முக்கியம். கறி வேண்டும் என்கிறவர்களுக்கு அதைத் தனி ட்ரேயில் செய்யுங்கள். ஒரே நேரத்தில் எண்பது செய்து ஆறவைக்காமல், நாற்பது தீர்ந்ததும் அடுத்த நாற்பதை ஓவனுக்குள் தள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீஸிலும் உப்பு, ஊறிய மிளகாயிலும் உப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள் மூன்று, நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு அப்பா, கொட்டினா ஒரு நிமிஷ வேலை" என்று மகன் சொல்லத்தான் செய்தான். உண்மைதான். நாற்பதை அடுக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆனால் விருந்து நாளில் அந்த வீட்டில் கால்மணி நேரம் சும்மா இருக்கிற ஆட்கள் யார்? நாங்கள்தான். ஓடியாடும் மருமகளுக்குக் குறுக்கே நிற்காமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். அடுக்கும் வேலையை எங்களிடம் கொடுத்தால் எங்களுக்கும் அந்த விருந்தில் ஒரு பங்கு கிடைக்கும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெற்றவர்களை உட்காரவைத்து உபசரிப்பதைவிட ஒரு வேலை கொடுங்கள். தான் கைவைத்த பலகாரத்தைச் சாப்பிட யாரும் மாடிக்கு ஓட மாட்டார்கள்.

இது மெக்சிகோ உணவே அல்ல, டெக்சாஸ்காரர்கள் கெடுத்தது என்று பேசும் ஆட்களும் உண்டு. நான் அந்த வழக்குக்குப் போக மாட்டேன். மெக்சிகோ ஊரில் மெக்சிகோக்காரர் ஒருவர் அமெரிக்க விருந்தாளிகளுக்குச் செய்தது. மக்காச்சோளமும் மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணின் விளைச்சல். சீஸுக்குப் பால் கொடுக்கும் மாடும், கொத்தமல்லியும், எலுமிச்சையும் கடல் தாண்டி அங்கே போனவை. நம் கதை மட்டும் என்ன? மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வருவதற்கு முன்னால் நம் குழம்பில் மிளகுதான் காரம். நல்ல சோளச் சிப்ஸுக்குச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டுத்தான் அரைப்பார்கள் என்று சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தே பழகிய என் மனைவிக்கு அந்த ஒரு விவரம் பிடித்துப்போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பக்கத்தில் வந்து நின்று நான் அடுக்குவதைப் பார்த்தாள். "இது கோணலா இருக்கு" என்று ஒன்றை நகர்த்தினாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்துவிட்டாள். அவள் அடுக்கிய வரிசை கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல இருந்தது. பேத்தி வந்து, "ஆச்சி, இதை ஜலபீனோன்னு சொல்லக் கூடாது, ஹலபேன்யோ" என்று பாடம் எடுத்தாள். ஆச்சிக்கு வாயில் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதல் ட்ரே கூடத்துக்குப் போனதும் இவளும் பின்னாலேயே போனாள். யாரும் கூப்பிடவில்லை. பச்சை வில்லை இல்லாத ஒன்றை எடுத்துக் கடித்தாள். பக்கத்து வீட்டு மெக்சிகோப் பாட்டி, இவளுக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிந்தவர், இன்னொன்றை எடுத்து இவள் தட்டில் வைத்தார். அதையும் சாப்பிட்டாள்.

ராத்திரி எல்லாரும் போன பிறகு கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"உப்பு கூட" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை அந்தப் பீன்ஸுல கொஞ்சம் பெருங்காயம் போடலாம்" என்றாள்.

அன்று தயிர்சாதம் பிரிட்ஜிலேயே இருந்தது. மறுநாள் காலையில் நான்தான் சாப்பிட்டேன்.